இரண்டு மணப்பெண்கள், ஒரு பழைய காலம்: விண்டேஜ் லெஸ்பியன் திருமணத்துக்கு முழுமையான வழிகாட்டி

பெண்ணும் பெண்ணும் சட்டப்படி மணந்துகொள்ள முதன்முதலில் வழிவிட்ட நாடு நெதர்லாந்து. அது நடந்தது 2001 ஏப்ரல் 1 அன்று. அப்படியென்றால் 1920-களிலோ 1950-களிலோ எடுத்த ஒரு லெஸ்பியன் கல்யாண ஆல்பத்தைத் தேடிப்பிடித்து, அதைப் பார்த்து உங்கள் திருமணத்தை அமைக்க வழியில்லை. அப்படி ஓர் ஆல்பம் கைக்குக் கிடைப்பதில்லை. விண்டேஜ் திருமணம் என்று தேடினால் வந்து குவிவதெல்லாம் மணமகனும் மணமகளும் நிற்கும் படங்கள். அவற்றை அப்படியே பின்பற்றப் போனால், "நம்மில் யார் கோட் போடுவது?" என்ற கேள்வியிலேயே திட்டம் முட்டி நிற்கும்.

ஆல்பம் இல்லையே தவிர, ஜோடிகள் இருந்தார்கள். 1834-ல் ஈஸ்டர் ஞாயிறன்று, இங்கிலாந்தின் யார்க் நகரில் குட்ராம்கேட் தெருவிலுள்ள ஹோலி ட்ரினிட்டி தேவாலயத்தில் ஆன் லிஸ்டரும் ஆன் வாக்கரும் ஒன்றாக நற்கருணை பெற்றார்கள். தங்களைப் பொறுத்தவரை அதுவே திருமணம் என்று வைத்துக்கொண்டார்கள். 1901-ல் ஸ்பெயினின் லா கொருன்யாவில் எலிசா ஆண் உடையில், மாரியோ என்ற பெயரில் வந்து மார்செலாவைத் தேவாலயத்திலேயே மணந்தார். விஷயம் வெளியே தெரிந்ததும் இருவரும் போர்ச்சுகலுக்குத் தப்பி ஓட வேண்டியிருந்தது. பாரிஸில், பெர்லினில், நியூயார்க்கின் ஹார்லெமில் பெண்கள் பெண்களுக்காக நடத்திய வட்டங்களும் இரவு விடுதிகளும் இருந்தன. ஆகவே இந்த வழிகாட்டியின் அணுகுமுறை இதுதான்: துணி, வெளிச்சம், எழுத்து, இசை ஆகியவற்றைக் காலத்திடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். முறைகளை அந்தக் காலத்து மணமேடையில் தேடாமல், அங்கே வாழ்ந்த நம் பெண்களிடம் தேடுங்கள்.

## முதல் படி: காலத்தைப் பிடியுங்கள்

பழம்பொருள் வியாபாரிகள் நூறு ஆண்டுக்கு மேற்பட்டதை ஆன்டிக் என்றும், இருபதிலிருந்து நூறு வரையானதை விண்டேஜ் என்றும் பொதுவாகப் பிரிப்பார்கள். அவ்வளவு பெரிய பரப்பில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்தால், கல்யாணம் மாறுவேடப் போட்டி போல ஆகிவிடும். பத்து ஆண்டு, மிஞ்சினால் பதினைந்து ஆண்டு அகலமுள்ள ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேருக்கும் வேறு வேறு காலம் பிடித்திருந்தால் உடைக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று என்று பங்கு பிரிக்காதீர்கள். அது சமரசம் போலத்தான் கண்ணுக்குத் தெரியும்.

1900-களின் தொடக்கம் என்றால் உயர்ந்த கழுத்து, மெல்லிய பருத்தி, கைவேலை லேஸ். அதே காலத்தில் பெண்களுக்கான தைத்த கோட்-பாவாடை செட்டும் வழக்கத்துக்கு வந்திருந்தது என்பது நமக்கு வசதி. படித்து, சம்பாதித்து, ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களின் ஏற்பாட்டை அமெரிக்காவில் 'பாஸ்டன் திருமணம்' என்று அழைத்ததும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இந்தக் காலம் வரைதான். புத்தக அலமாரி, எழுதுமேஜை, தோட்டத்தில் தேநீர் என்று அமைதியான திருமணம் வேண்டுமென்றால் இதுவே பொருத்தம்.

1920-களும் 30-களின் தொடக்கமும்தான் நம் ஜோடிகளுக்கு மிகவும் செழிப்பான காலம் என்பது என் எண்ணம். உடை நேராக விழும், இடுப்புக்கோடு கீழே இறங்கிவிடும், தலைமுடி குட்டை. பாரிஸின் ரூ ஜாகோப் தெருவில் எழுத்தாளர் நாட்டலி பார்னி வெள்ளிக்கிழமைதோறும் இலக்கியக் கூட்டம் நடத்திவந்தார். அதே நகரின் மோன்பர்னாஸ் பகுதியில் 'லெ மோனோக்ள்' என்ற பெண்களுக்கான இரவு விடுதியில், ஆண்கள் மாலை விருந்துக்கு அணியும் டக்சீடோ கோட் போட்டவர்களும் சாட்டின் கவுன் போட்டவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்ததைப் புகைப்படக்காரர் பிரசாய் படம்பிடித்து வைத்திருக்கிறார். பெர்லினில் 1924 முதல் 1933 வரை 'டி ஃப்ராய்ண்டின்' என்ற லெஸ்பியன் இதழே கடைகளில் விற்றது. ஹார்லெமில் வெள்ளை டக்சீடோவும் உயரத் தொப்பியுமாகப் பியானோ முன் உட்கார்ந்து பாடினார் கிளாடிஸ் பென்ட்லி. கோட்டும் கவுனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டாம்.

1940-கள் போர்க்காலம். பிரிட்டனில் 1941-லிருந்து 1949 வரை துணிக்கு ரேஷன் இருந்தது. பல மணப்பெண்கள் முழங்கால் அளவுப் பாவாடையும் அகலத் தோள் கோட்டுமாகவே மணந்தார்கள். சிக்கனமாக, அலட்டலில்லாமல் செய்ய நினைப்பவர்களுக்கு இது கைகொடுக்கும். 1947 பிப்ரவரியில் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் காட்டிய வடிவம்தான் 50-களின் ஒட்டிய இடுப்பும் விரிந்த பாவாடையும். பார்க்க அழகுதான். ஆனால் பெண்ணை அடுப்படிக்குத் திருப்பி அனுப்பிய காலம் அது என்பதையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயேதான் 1955-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டெல் மார்ட்டினும் ஃபிலிஸ் லயனும் மற்றவர்களும் சேர்ந்து 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்' என்ற லெஸ்பியன் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த இருவரும் 2004-லும், அது சட்டப்படி செல்லாது என்று ஆனபின் 2008-லும், இரண்டு முறை ஒருவரை ஒருவர் மணந்தார்கள். இரண்டு முறையும் பேன்ட் சூட்.

60-கள், 70-கள் பற்றிச் சுருக்கமாக: 1966-ல் ஈவ் சான் லோரான் பெண்களுக்கென்றே டக்சீடோ வடிவமைத்தார். இருவருமே பேன்ட் போட விரும்பினால் வேறு எங்கும் அலைய வேண்டாம்.

## இரண்டாம் படி: சட்டமும் வீட்டுப் பேச்சும்

இதை முடிக்காமல் எந்த மண்டபத்துக்கும் முன்பணம் கட்டாதீர்கள். நீங்கள் மணக்கப்போகும் இடத்தில் சட்டம் இருக்கிறதா, அங்கே வசிப்பவராக இருக்க வேண்டுமா, என்னென்ன சான்றிதழ் கேட்பார்கள், முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று நேரடியாகப் பதிவு அலுவலகத்திடமே கேளுங்கள். தைவான் 2019-லும் தாய்லாந்து 2025 ஜனவரியிலும் வழிவிட்டன. பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய கட்டுரைகளை நம்பி இறங்க வேண்டாம். படிவத்தில் இன்னமும் 'மணமகன்', 'மணமகள்' என்றே அச்சிட்டிருந்தால் யார் பெயரை எங்கே எழுதுவது என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் நேரத்தில் அந்தக் கேள்வி எழக் கூடாது.

சட்டம் இல்லாத இடமென்றால் சடங்கைத் தாராளமாகச் செய்யலாம். கூடவே ஒரு வழக்கறிஞரிடம் போய் உயில், மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரம், சேர்த்து வாங்கும் சொத்துக்கான பத்திரம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லேஸ் கையுறையைவிட இந்தக் காகிதங்கள் முக்கியம்.

வீட்டுப் பேச்சு என்பது விருந்தினர் பட்டியல்தான். யாருக்கு விஷயம் தெரியும், யாருக்குத் தெரியாது, யார் வந்தால் நிம்மதி, யார் வந்தால் பதற்றம்? இருவரும் தனித்தனியே பட்டியல் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். ஒருவர் பக்கம் எண்பது பேர், இன்னொருவர் பக்கம் ஆறு பேர் என்று வந்தால் வருத்தப்படத் தேவையில்லை. ஆனால் இருபக்க வரிசை நாற்காலி போடும் எண்ணத்தை அன்றே கைவிடுங்கள். வட்டமாகவோ அரைவட்டமாகவோ போட்டால் யார் பக்கம் எத்தனை பேர் என்பதே தெரியாது.

## மூன்றாம் படி: உடைகள்

நேரமும் பணமும் இங்கேதான் போக வேண்டும். உடை சரியாக அமைந்துவிட்டால் அலங்காரத்தில் பாதி இல்லாவிட்டாலும் காலம் கண்முன் வந்துவிடும். உடை சொதப்பினால் எத்தனை கிராமபோன் வைத்தாலும் பயனில்லை.

முதலில், இரண்டு உடைகளும் ஒன்றுக்கொன்று என்ன உறவு? ஒரே மாதிரி இரண்டு கவுன் என்பது படங்களில் இரட்டையர்கள் போலத் தெரியும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காலம் ஒன்று, வடிவம் இரண்டு என்பதே நன்றாக இருக்கும். 30-களை எடுத்துக்கொண்டால் ஒருவருக்கு கிராஸாக வெட்டித் தைத்த சாட்டின் கவுன், இன்னொருவருக்கு அதே சாட்டினில் மடிப்புக் காலர் வைத்த டக்சீடோ. இருவருமே கவுன்தான் என்றால் ஒன்று நீளம், ஒன்று கணுக்கால் அளவு. ஒன்று லேஸ், ஒன்று வெறும் பட்டு. இணைப்புக்கு ஏதாவது ஒன்று பொதுவாக இருந்தால் போதும்: துணியின் நிறச்சாயல், பொத்தான், அல்லது தலையில் வைக்கும் அணி.

வெள்ளை கட்டாயமில்லை. 1840-ல் விக்டோரியா ராணி வெள்ளையில் மணந்த பிறகுதான் அது பரவியது. அதற்குப் பிறகும் வெகுகாலம் சாதாரண வீட்டுப் பெண்கள், திரும்ப உடுத்தக்கூடிய நல்ல வண்ண உடையிலேயே மணந்தார்கள். ஆன் லிஸ்டர் எப்போதும் கறுப்பு உடைதான் அணிவார். இரண்டு வெள்ளைகள் என்று முடிவு செய்தால் மட்டும் எச்சரிக்கை: தந்தநிறமும் பளிச் வெள்ளையும் அருகருகே நின்றால் தந்தநிறம் அழுக்காகத் தெரியும். இரண்டு துணிகளையும் பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்த்த பின்பே வாங்குங்கள். உடையை ஒருவருக்கொருவர் காட்டாமல் வைத்திருக்க ஆசைப்பட்டால், இரண்டையும் பார்க்கும் ஒரு நடுவரை நியமியுங்கள். அந்தத் தோழிக்கு வாயில் பூட்டு இருக்க வேண்டும்.

அசல் பழைய உடையா, அந்தப் பாணியில் புதிதாகத் தைப்பதா? 1940-க்கு முந்தையது என்றால் புதிதாகத் தைப்பதே நல்லது என்பேன். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பட்டுக்கு எடை கூட்ட உலோக உப்புகளில் நனைத்தார்கள். அந்தப் பட்டு இன்று மடிப்பு வழியே தானாகக் கிழிகிறது. அதைத் தைத்துச் சரிசெய்ய முடியாது. 20-களின் மணி கோர்த்த கவுன்களில் மணிகளின் பாரம் தாங்காமல் தோள்பட்டைத் துணி விட்டுப்போயிருக்கும். 30-களில் ஜெலட்டினில் செய்த சமிக்கிகள் இருந்தன. வியர்வையிலும் சூட்டிலும் அவை கரைந்து ஒட்டிக்கொள்ளும். நடனமாடப் போகிற உடலில் போட வேண்டிய பொருளா அது?

50-களுக்குப் பிந்தைய உடைகள் பெரும்பாலும் உறுதியானவை. வாங்கும்போது ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விரிசலும் பூச்சி அரித்த துளையும் அப்போதுதான் தெரியும். அக்குள் பகுதியை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது அவசியம், வியர்வை தின்ற துணி தொட்டாலே பொடியும். ஜிப்பை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். பழைய உடைகளில் உலோக ஜிப் பக்கவாட்டில் இருக்கும். துருப்பிடித்த ஜிப்பை மாற்றலாம், துருக்கறையை எடுப்பது கடினம். உள்தையலில் பிரித்துவிட எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று அளந்துகொள்ளுங்கள். இருக்கிற துணியைப் பிடித்துத் தைப்பது எளிது. இல்லாத துணியை எங்கிருந்து கொண்டுவருவது?

லேபிளில் உள்ள சைஸ் எண்ணை நம்பவே நம்பாதீர்கள். அன்றைய 14 இன்றைய 14 அல்ல. பெரும்பாலும் பல அளவு சிறியது. மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழ், தோள் அகலம், கழுத்திலிருந்து இடுப்புவரை நீளம் ஆகிய ஐந்தையும் டேப்பால் அளந்து விற்பவரிடம் கேளுங்கள். அதோடு, ஒவ்வொரு காலத்து வெட்டுக்கும் ஓர் உள்ளாடை உண்டு. 50-களின் கவுன் இறுக்கமான உள்கட்டும் விறைப்பான உள்பாவாடையும் இல்லாமல் தொய்ந்து நிற்கும். 20-களுடையது அவை இருந்தால் கெட்டுவிடும். முதல் பொருத்திப் பார்ப்புக்கே அந்த உள்ளாடையையும் அன்று போடப்போகிற செருப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கோட் போடுபவருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆண்களுக்கான பழைய சூட்டை வாங்கிச் சின்னதாக்கலாம் என்று தோன்றும். தோளைச் சுருக்குவது என்றால் கோட்டையே பிரித்துத் திரும்பத் தைப்பதுதான். நல்ல தையல்காரர்கள் அதற்குச் சம்மதிக்கத் தயங்குவார்கள். தோள் பொருந்தினால் வாங்குங்கள், இல்லாவிட்டால் புதிதாகத் தையுங்கள். மார்புக்கும் இடுப்புக்கும் இடம் விட்டு வெட்டத் தெரிந்தவராக, "பொண்ணுக்கு எதுக்கும்மா இது?" என்று கேட்காதவராகத் தேடுங்கள். அவரை முதல் சந்திப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

திருமணத்துக்கு ஓராண்டு முன்பு உடை தேடத் தொடங்கி, மூன்று மாதம் இருக்கையில் தையல் வேலைக்குக் கொடுத்து, கடைசிப் பொருத்தத்தை இரண்டு வாரத்துக்கு முன் முடித்தால் அவசரம் இருக்காது. அந்தக் கடைசி நாளில் கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், படியேறுங்கள், ஒருவரைக் கட்டிப்பிடியுங்கள். கழிப்பறைக்குத் தனியாகப் போக முடிகிறதா என்றும் பாருங்கள்.

## நான்காம் படி: இடம்

பழைய மாளிகை, நூலகம், நாடக அரங்கு, ரயில் அருங்காட்சியகம் எல்லாம் நன்றாகவே இருக்கும். காலத்தை இடமே சொல்லிவிட்டால் அலங்காரச் செலவு பாதியாகும். ஆனால் பழைய கட்டடங்களுக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். மெழுகுவர்த்தி ஏற்றலாமா, சுவரில் ஆணியோ ஒட்டுநாடாவோ படலாமா, இசைக்குழுவும் விளக்கும் சமையல் சாதனமும் ஒரே நேரத்தில் ஓடினால் மின்கம்பி தாங்குமா, சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே எப்படி வருவார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

தொலைபேசியில் பேசும்போதே "மணப்பெண்கள் இரண்டு பேர்" என்று சொல்லிவிடுங்கள். அடுத்த இரண்டு நொடி அமைதி போதும், அந்த இடத்தைப் பற்றிய முடிவுக்கு. ஒப்பந்தத்தில் 'மணமகன்' கட்டத்தை மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். உடை மாற்ற இரண்டு தனி அறைகள் உண்டா என்பதும் முக்கியம். பல மண்டபங்களில் மணப்பெண்ணுக்குக் கண்ணாடி வைத்த பெரிய அறையும், மற்றவருக்கு ஏதோ ஒரு மூலையும்தான் இருக்கும்.

## ஐந்தாம் படி: அழைப்பிதழ்

இங்கே எளிதாகக் காலத்தைக் கொண்டுவரலாம். எழுத்துருவே போதும்: 20-கள், 30-களுக்கு நேர்கோடும் கோணமும் கொண்ட ஆர்ட் டெகோ, 50-களுக்குச் சாய்ந்த தூரிகை எழுத்து. தடித்த பருத்திக் காகிதத்தில் லெட்டர்பிரஸ்ஸில் அழுத்தி அடித்தால் விரல் தடவியே காலத்தை உணரலாம். நாற்பது அழைப்புக்குள் என்றால் ஒரு தட்டச்சு இயந்திரத்தில் நீங்களே அடித்துவிடலாம், பிழைகள் உட்பட.

அரக்கு முத்திரை வைக்க ஆசைப்பட்டால், அந்த உறையை இன்னொரு சாதாரண உறைக்குள் போட்டு அனுப்புங்கள். தபால் பிரிக்கும் இயந்திரத்தில் அரக்கு நொறுங்கும், சிலசமயம் உறையும் கிழியும். வாசகத்தில் பழைய நடையை வைத்துக்கொண்டு உறவுச் சொற்களை மட்டும் உங்களுக்கேற்ப மாற்றுங்கள். பெற்றோர் பெயரில் அழைக்க முடியாத நிலை இருந்தால், இருவரும் உங்கள் பெயரிலேயே அழையுங்கள். அதற்கு விளக்கம் எதுவும் எழுத வேண்டியதில்லை. வெளியுறையில் இருவர் பெயரும் தெரிவது யாருக்காவது சங்கடம் தருமென்றால் அவர்களுக்கு நேரில் கொடுங்கள்.

## ஆறாம் படி: பூவும் மேஜையும்

நம் கதையில் ஒரு பூவுக்குத் தனி இடம் உண்டு: வயலட். கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் வாழ்ந்த கவிஞர் சாப்ஃபோ, தன்னைவிட்டுப் பிரியும் தோழியிடம் வயலட் மாலைகள் சூடியிருந்த நாட்களை நினைவூட்டுகிறார். 1926-ல் நியூயார்க்கில் மேடையேறிய ஒரு நாடகத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு வயலட் செண்டு அனுப்புவாள். அதற்குப் பிறகு அந்தப் பூ ஒரு சங்கேதமாகவே ஆகிவிட்டது. கோட்டின் மடிப்பில் சிறு கொத்து, கவுன்காரரின் கையில் ஒரு செண்டு. தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள், தெரியாதவர்களுக்கு அது அழகான ஊதாப் பூ. வயலட் சீக்கிரம் வாடும். செண்டை முழுவதுமாகக் குளிர்ந்த நீரில் கொஞ்ச நேரம் அமிழ்த்தி எடுத்தால் மறுபடி நிமிரும். மேடைக்குப் போகும்வரை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். பருவம் கைகொடுக்காவிட்டால் பட்டில் செய்த வயலட் அந்தக் காலத்திலேயே புழக்கத்தில் இருந்தது, தயங்க வேண்டாம்.

செண்டின் வடிவமும் காலம் சொல்லும். 20-களில் அது பெரிதாக, முடிச்சிட்ட ரிப்பன்கள் முழங்கால்வரை தொங்க இருந்தது. 30-களில் நீண்ட தண்டோடு வெள்ளைக் காலா லில்லிகளைக் குழந்தையை ஏந்துவது போலக் கையில் சாய்த்துப் பிடித்தார்கள். 40-கள், 50-களில் சுருங்கிவிட்டது.

மேஜை அலங்காரத்தில் ஆபத்தான பழசும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டைப் புத்தகங்கள் சிலவற்றில் ஆர்செனிக் சாயம் இருக்கிறது; உணவு மேஜையில் அவற்றை அடுக்க வேண்டாம். பழைய பீங்கானின் மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கலாம், அதனால் அவை பார்வைக்கு மட்டும், சாப்பிடப் புதியவை. பழங்காலப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டில் செய்த சீப்பும் தலையணியும் மிக எளிதில் தீப்பிடிக்கும், மெழுகுவர்த்திப் பக்கம் அந்தத் தலையோடு குனியாதீர்கள். மற்றபடி, மேஜைக்கு மூன்று பழம்பொருள் போதும். அதற்கு மேல் போனால் தட்டு வைக்க இடமிருக்காது.

## ஏழாம் படி: சடங்கு

பழைய திருமண முறையில் ஒரு பெண்ணை ஓர் ஆணிடமிருந்து இன்னோர் ஆணிடம் ஒப்படைப்பதுதான் நடு அச்சு. அந்த அச்சைக் கழற்றிவிட்டால் மீதியை உங்கள் விருப்பம்போலப் பூட்டிக்கொள்ளலாம்.

உள்ளே வருவதற்கு மூன்று நல்ல வழிகள் உண்டு. இருவரும் கைகோத்து ஒன்றாக வருவது எளிமையானது, படத்துக்கும் நல்லது. இரண்டு பக்கமிருந்து ஒரே நேரத்தில் வந்து நடுவில் சந்திப்பது நாடகத்தன்மை கொண்டது. இரண்டு வழியின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவர் மேடையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். ஒருவர் பின் ஒருவர் வருவதும் சரிதான், ஆனால் முதலில் வந்து காத்திருப்பவர் தானாகவே 'மாப்பிள்ளை' ஆகிவிடுவார். முதலில் வருபவர் கவுன் போட்டவராக இருந்தால் அந்த எண்ணம் உடையும்.

உறுதிமொழியில் 'கீழ்ப்படிவேன்' வகைப் பழைய வரிகளை எடுத்துவிட்டு, உங்களுக்கு முந்தைய ஜோடி ஒன்றை ஒரு நிமிடம் நினைவுகூரலாம். எலினர் பட்லரும் சாரா பொன்சன்பியும் அயர்லாந்தில் வீட்டைவிட்டு வெளியேறி, வேல்ஸின் லாங்கொலனில் 1780-லிருந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தார்கள். இந்தச் செய்தியை எந்தப் பாட்டி கேட்டாலும் மறுக்க ஒன்றுமில்லை.

நடத்தி வைப்பவரிடம் முழு வாசகத்தையும் எழுத்தில் வாங்கிப் படியுங்கள். பழக்கதோஷத்தில் "கணவனும் மனைவியும்" என்று வாய் குழறுவது நடக்கும்.

## எட்டாம் படி: புகைப்படம்

உடைக்கு அடுத்து இங்கே தாராளமாகச் செலவிடுங்கள். இல்லாத ஆல்பத்தை நீங்கள்தானே உருவாக்குகிறீர்கள்.

முழு நிகழ்வையும் டிஜிட்டலில் எடுக்க ஒருவர் இருக்கட்டும். ஃபிலிமில் தேர்ந்த காட்சிகள் மட்டும். 35 மி.மீ. ரோலில் 36 படம், சதுரப் படம் எடுக்கும் 120 ரோலில் 12 படம்தான் வரும். படத்துக்குப் படம் யோசித்து எடுப்பதால் ஒவ்வொன்றிலும் நிதானம் தெரியும். 50-களுக்கு முந்தைய காலமென்றால் கறுப்பு வெள்ளை. ரசாயனம் பூசிய தகடு காயுமுன் படமெடுக்கும் பழைய முறையான ஈரக் கொலோடியனில் எடுக்க விரும்பினால் ஒரு முன்னோட்டம் கட்டாயம். அது சிவப்பை ஏறக்குறைய உணராது, நீலத்தை வெளிறடிக்கும். உதட்டுச்சாயம் கறுப்பாகும், தோல் நிஜத்தைவிடக் கருமையாக விழும். அது பிடித்திருந்தால் அற்புதமான படம் கிடைக்கும், எதிர்பார்க்காதவர்களுக்கு அதிர்ச்சிதான்.

நிற்கும் விதத்தைப் பற்றிப் பேச வேண்டும். பழைய கல்யாணப் படங்களில் ஒருவர் நாற்காலியில், மற்றவர் தோளில் கைவைத்து நிற்பார். வேண்டுமானால் அதையே இரண்டு முறை, இடம் மாறி எடுங்கள். அதைவிட நல்ல பாடம் ஆலிஸ் ஆஸ்டினிடம் கிடைக்கும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வாழ்ந்த இந்தப் புகைப்படக்காரர், 1891-ல் தானும் தோழிகளும் ஆண் உடையில், மீசை ஒட்டிக்கொண்டு நிற்பதைப் படமெடுத்தார். கெர்ட்ரூட் டேட்டோடு அரை நூற்றாண்டுக்கும் மேல் உறவில் இருந்தவர். இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அவருடைய வீட்டின் படத்தொகுப்பில், பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, இடுப்பில் கைபோட்டுச் சிரிக்கிறார்கள். உங்கள் புகைப்படக்காரருக்கு அனுப்ப வேண்டிய மாதிரி அதுதான்.

விருந்தினர்களில் சிலர் தாங்கள் யார் என்பதை வெளியே சொல்லாதவர்களாக இருப்பார்கள். எந்தப் படம் இணையத்தில் போகலாம், யாரைக் குழுப்படத்திலிருந்து தவிர்க்க வேண்டும் என்பதைப் புகைப்படக்காரரிடம் முன்பே எழுதிக் கொடுங்கள். சடங்கு முடியும்வரை கைபேசிகளை ஒரு பழைய டிரங்குப் பெட்டியில் போடச் சொன்னால் பிரச்சினையும் தீரும், பெட்டிக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

## ஒன்பதாம் படி: இசையும் ஆட்டமும்

1948-ல் எல்.பி. என்ற நீண்ட நேர இசைத்தட்டு வருவதற்கு முன் எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இசைத்தட்டுதான். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல வரும். நிஜ கிராமபோனை விடாமல் ஓட்ட ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் ஊசி மாற்ற வேண்டும். கூட்டம் பேசத் தொடங்கினால் சத்தமும் கேட்காது. அதை வாசலில் வரவேற்புக்கு வைத்துவிட்டு, உள்ளே ஸ்பீக்கரைப் பூக்களுக்குப் பின்னே மறைத்து வையுங்கள். இன்றைய வினைல் தட்டை மட்டும் சாவி கொடுக்கும் கிராமபோனில் போடாதீர்கள், அதன் பாரமான ஊசி ஒரே ஓட்டத்தில் தட்டை உழுதுவிடும்.

பாட்டுப் பட்டியலுக்குக் காதல் பாடல் மட்டுமே போதுமென்று நினைக்க வேண்டாம். 1928-ல் பாடகி மா ரெய்னி பதிவுசெய்த ஒரு ப்ளூஸ் பாடல், பெண்களோடு சுற்றுவதை ஒளிவுமறைவின்றிப் பாடுகிறது. 40-களில் 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' என்ற முழுப் பெண்கள் ஸ்விங் இசைக்குழு ஊர் ஊராகப் போய் வாசித்தது; அதன் டிரம்பெட் நட்சத்திரம் டைனி டேவிஸ் பிற்காலத்தில் ரூபி லூகாஸ் என்ற பெண்ணோடு வாழ்ந்தவர்.

ஃபாக்ஸ்ட்ராட், ஸ்விங் போன்ற ஜோடி நடனம் கற்கும்போது வழிநடத்துவதையும் பின்தொடர்வதையும் இருவருமே கற்றுக்கொள்ளுங்கள். பாட்டின் பாதியில் மாறிக்கொள்ளலாம். உயரம் கூடியவர்தான் நடத்த வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. கடைசி இரண்டு வகுப்புகளுக்கு அன்றைய செருப்போடும், கவுனுக்கு ஈடான நீளப் பாவாடையோடும் போங்கள்.

## பத்தாம் படி: அந்த நாளும் அடுத்த நாளும்

விருந்தினர் உடைக்கு இரண்டு வரி வழிகாட்டல் போதும்: "1930-களின் மாலை உடை, முடிந்தவரை. ஆண் உடை, பெண் உடை உங்கள் விருப்பம்." வாங்க வசதியில்லாதவர்களுக்காக வாசலில் ஒரு கூடை நிறைய கையுறை, இறகு, போ டை.

பழைய காரில் வருவதென்றால் அதன் கதவு வழியே கவுன் நுழையுமா என்று முன்பே பாருங்கள், நெரிசலில் இன்ஜின் சூடாகாத பாதையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண கார் ஒன்று பின்னாலேயே வரட்டும். ஒரு தோழியின் பையில் ஊசி நூல், கொக்கி, சேப்டி பின், கோட் நிறத்திலேயே ஒரு பொத்தான், வெள்ளைச் சாக்கட்டி, தட்டையான செருப்பு இருக்க வேண்டும்.

மறுநாள் உடைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரிக்குள் தள்ளாதீர்கள். இனிப்புப் பானம் சிந்திய இடம் இப்போது கண்ணுக்குத் தெரியாது. சில மாதத்தில் பழுப்பாக எழும். எங்கே என்ன சிந்தியது என்று நினைவிருக்கும்போதே அந்த இடங்களில் நூலால் ஓர் அடையாளத் தையல் போட்டு, பழைய துணியைக் கையாளத் தெரிந்த சலவைக்காரரிடம் கொடுங்கள். மணியோ சமிக்கியோ வைத்த உடையென்றால், தெரியாத ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகே முழுவதையும் நனைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அமிலமில்லாத மெல்லிய தாளை மடிப்புகளுக்கிடையே வைத்து அட்டைப்பெட்டியில் படுக்கவையுங்கள், கோட்டை மட்டும் அகலத் தோளுள்ள மர ஹேங்கரில் தொங்கவிடலாம். ஆண்டுக்கொரு முறை பெட்டியைத் திறந்து மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே கோட்டில் மடிந்தே கிடந்தால் பட்டு அங்கேதான் முதலில் விடும்.